குகையில் சடங்கு நடந்ததை மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

பழனி மலையில், தாண்டிக்குடிக்கு மேலே எங்கள் காப்பித் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு பெரிய பாறை முன்னால் சரிந்து நிற்கிறது. மழை வந்தால் பத்துப் பேர் அதன் அடியில் ஒதுங்கலாம். உள்ளே ஏழு கல் வரிசையாக நட்டிருக்கும். கன்னிமார். வருடத்துக்கு ஒரு தடவை, மாசியில் மிளகு பறிப்பு முடிந்ததும், அங்கே பொங்கல் வைப்போம். மற்ற நாட்களில் மாடு மேய்ப்பவர்கள் அதே பாறைக்கடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், குளிருக்குத் தீ மூட்டுவார்கள்.

போன மாசியில், கல்லூரியில் வரலாறு படிக்கும் என் அக்கா மகளும் வந்திருந்தாள். பொங்கல் பொங்கி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்: “மாமா, ஆதி மனிதர்கள் குகையில் சடங்கு செய்தார்கள் என்று பாடத்தில் போட்டிருக்கிறது. செய்ததை யார் பார்த்தார்கள்?”

எனக்குத் தொல்லியலில் இருபது வருட ஆசை உண்டு. கிடைத்ததையெல்லாம் படிப்பேன். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கன்னிமார் பாறையையே எடுத்துக்கொள்வோம். நாங்கள் எல்லோரும் கிளம்பிப் போய் ஐயாயிரம் வருடம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வந்து தோண்டுகிறார். அவருக்கு என்ன கிடைக்கும்? கற்பூரம் மிச்சமில்லாமல் எரிந்து போகும். பூவும் வாழையிலையும் ஒரு மாதத்தில் மக்கிவிடும். பழத்தைக் குரங்கு தின்றுவிடும். குங்குமமும் மஞ்சளும் ஈரத்தில் கரைந்துவிடும். குலவைச் சத்தத்துக்கு மண்ணில் தடமே கிடையாது. மிஞ்சுவது நட்ட கல் ஏழு, பொங்கல் வைத்த அடுப்புக்கல் மூன்று, கொஞ்சம் கரித்துண்டு, பாறையின் கூரையில் படிந்த புகைக்கரி. கரி எளிதில் மக்காது, அதனால் அது இருக்கும்.

சரி, மாடு மேய்த்தவர் மூட்டிய தீயும் இதே கரியைத்தானே விட்டுப் போகிறது? தோண்டுகிறவர் இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? குகைச் சடங்கு பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

நம்பிக்கையைத் தோண்டி எடுக்க முடியாது. ஆனால் நம்பிக்கையால் ஒருவர் செய்த செயல் சில சமயம் தடம் விடும். ஒரு முறைப்படி, திரும்பத் திரும்ப, அன்றாடப் பிழைப்புக்குத் தேவையில்லாத ஒன்றைச் செய்திருந்தால் அதைத் தொல்லியலாளர்கள் சடங்கு என்று சொல்லத் துணிகிறார்கள். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து எடுத்து வந்தார்களா, அது விழுந்து கிடக்கிறதா அல்லது வைக்கப்பட்டிருக்கிறதா, இதே மாதிரி வேறு இடத்திலும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓரிடத்தில் ஏழு கல் இருந்தால் அது தற்செயலாகக்கூட இருக்கலாம். பத்து ஊர் எல்லையில் பத்து இடத்தில் அதே ஏழு, அதே வரிசை என்றால், அங்கே ஒரு விதி இருந்திருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தண்ணீர் அடித்து வந்திருக்குமா, மேற்கூரை உதிர்ந்திருக்குமா, எலி வளை தோண்டியிருக்குமா, கரடி புரட்டியிருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். இந்தக் கழித்தல் வேலையைச் சரியாகச் செய்யாததால் நொறுங்கிப்போன முடிவுகள் நிறைய.

அதில் பெரியது கரடி வழிபாட்டுக் கதை. சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையில், ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் டிராக்கன்லோக் என்று ஒரு குகை. அங்கே 1917 முதல் எமில் பேக்லர் என்பவர் அகழாய்வு செய்தார். கல் பலகைகளால் ஆன பெட்டிகள், அவற்றுக்குள் குகைக்கரடி மண்டையோடுகள் கிடைத்தன என்றும், நியண்டர்தால் மனிதர்கள், அதாவது நமக்கு நெருங்கிய, இன்று அழிந்துபோன ஒரு மனித இனத்தார், கரடியை வழிபட்டார்கள் என்றும் அறிவித்தார். உலகமே நம்பியது. பல பத்தாண்டுகள் பாடநூல்களில் இருந்தது. பிறகு நிதானமாகப் பார்த்தபோது, அந்தப் பெட்டிகளைத் தோண்டிய அன்று எடுத்த புகைப்படம் ஒன்றுகூட இல்லை. வெவ்வேறு சமயத்தில் வரைந்த படங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இன்று அழிந்துபோன அந்தக் குகைக்கரடிகள் குளிர்காலம் முழுக்கக் குகையில் தூங்கியவை. தூக்கத்திலேயே செத்துப்போவதும் நடந்தது. ஆயிரக்கணக்கான வருடம் இப்படி எலும்பு சேர்ந்து, மேலிருந்து பலகை பலகையாகக் கல் உதிர்ந்து, அடுத்து வந்த கரடிகள் அதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டால், பார்ப்பதற்குக் கல்பெட்டியில் மண்டையோடு வைத்தது போலத்தான் இருக்கும். இன்று அந்த வழிபாட்டை ஏற்பவர்கள் மிகக் குறைவு.

அதற்காகக் கரடி மண்டையோட்டுக்கும் மனிதனுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. பிரான்சில் 1994-இல் கண்டுபிடித்த ஷோவே குகையில், கூரையிலிருந்து விழுந்த ஒரு பெரிய கல்லின் மேல் ஒரு கரடி மண்டையோடு இருக்கிறது. சுற்றிலும் தரையில் இன்னும் பல மண்டையோடுகள். தரையில் கிடப்பதற்குக் கரடியே காரணம் சொல்லிவிடும். மேசை போன்ற கல்லின் மேல் இருக்கிறதே, அதை ஒரு மனிதர் தூக்கி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. ஏன் வைத்தார் என்பதற்கு அந்தக் கல்லில் பதில் இல்லை.

நான் மறுபடி மறுபடி படிப்பது இன்னொரு குகையைப் பற்றி. அதுவும் பிரான்சில்தான், தென்மேற்கே, புருனிக்கேல் என்ற ஊருக்குப் பக்கத்தில். வாய் அடைபட்டுப் போயிருந்த அந்தக் குகைக்குள் 1990-இல் குகை ஆர்வலர்கள் வழி திறந்து நுழைந்தார்கள். வாயிலிலிருந்து 336 மீட்டர் உள்ளே, பெரிய கோயிலின் ரத வீதி ஒன்றின் நீளத்துக்கு உள்ளே போன பிறகு, தரையில் இரண்டு வளையங்களைக் கண்டார்கள். சுண்ணாம்புக் குகைகளில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, தரையிலிருந்து மேல்நோக்கித் தூண் மாதிரி ஒரு கல் வளரும். அதைக் கல்முளை என்பார்கள். யாரோ அந்தக் கல்முளைகளை உடைத்து, துண்டுகளை வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். ஏறக்குறைய 400 துண்டு, மொத்த எடை 2 டன்னுக்கு மேல். பெரிய வளையம் கிட்டத்தட்ட ஏழு மீட்டர் அகலம். பல இடங்களில் தீ எரிந்து சிவந்தும் கறுத்தும் இருக்கிறது.

கரடி செய்திருக்குமா? அந்தக் குகையில் கரடி படுத்த குழிகளும் உண்டு, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் துண்டுகள் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரே அளவு, சுமார் ஒரு அடி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு உண்டு, சரியாமல் இருக்க முட்டுக் கொடுத்ததும் உண்டு. தீயும் இருக்கிறது. கரடி தீ மூட்டாது. தண்ணீரும் இப்படி அடுக்காது.

காலத்தைக் கண்டுபிடித்த விதம் அழகானது. உடைத்து அடுக்கிய பிறகும் மேலிருந்து தண்ணீர் சொட்டுவது நிற்கவில்லை. உடைந்த துண்டின் மேலேயே புதிய சுண்ணாம்பு படிந்து வளரத் தொடங்கியது. அந்தத் தண்ணீரில் மிகச் சிறிதளவு யுரேனியம் கரைந்திருக்கும். அது மெல்ல மெல்லத் தோரியமாக மாறும், எவ்வளவு காலத்தில் எவ்வளவு மாறும் என்று தெரியும். ஆகவே பழைய கல் நின்று புதிய படிவு தொடங்கும் அந்த எல்லைக் கோட்டில் மாதிரி எடுத்து அளந்தால் உடைத்த காலம் கிடைத்துவிடும். 2016-இல் வெளியான முடிவு: சுமார் 1,76,500 ஆண்டுகள். அந்தக் காலத்தில் அந்தப் பகுதியில் வாழ்ந்தவர்கள் நியண்டர்தால் மனிதர்கள். நம் இனம் அங்கே போய்ச் சேர இன்னும் ஒரு லட்சம் வருடத்துக்கு மேல் இருந்தது.

வெளிச்சமே இல்லாத இடம். கையில் தீயில்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. ஒருவர் பிடிக்க, ஒருவர் உடைக்க, ஒருவர் சுமக்க, முன்கூட்டியே பேசிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். குடியிருக்க அவ்வளவு உள்ளே போக வேண்டிய அவசியமும் இல்லை. இதைவிடப் பெரிய சடங்குச் சான்று வேண்டுமா என்று நமக்குத் தோன்றும். ஆனால் கண்டுபிடித்தவர்கள் அந்த வார்த்தையை உறுதியாகச் சொல்லவில்லை. திட்டமிட்டுக் கட்டியது, தீயைப் பயன்படுத்தியது, காலம் இது, இவ்வளவு உறுதி. எதற்காக என்பதற்குச் சடங்கும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்திய இடம்தான் எனக்கு அவர்கள்மேல் மரியாதையை உண்டாக்கியது.

பொருள் கிடைத்தாலும் அவசரப்படக் கூடாது என்பதற்குச் செங்காவி நல்ல பாடம். தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில், ஒரு லட்சம் ஆண்டுக்கு முன் காவிக்கல்லை அரைத்துக் கடல் நத்தை ஓட்டில் கலந்து வைத்திருந்தது கிடைத்தது. சிவப்பு என்றதும் இரத்தம், சடங்கு என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் காவியைத் தோல் பதப்படுத்தவும் பயன்படுத்தலாம், பசையோடு சேர்த்துக் கருவிக்குப் பிடி ஒட்டவும் பயன்படுத்தலாம், வெயிலுக்குப் பூசிக்கொள்ளவும் செய்யலாம். நம் வீட்டு மஞ்சளை நினைத்துப் பாருங்கள். குழம்பில் போடுகிறோம், புண்ணில் வைக்கிறோம், முகத்தில் பூசுகிறோம், தாலிக்கயிற்றில் கட்டுகிறோம். ஒரு மஞ்சள் துண்டு மட்டும் கையில் கிடைத்தால் இது அடுக்களையா, கல்யாண வீடா என்று சொல்ல முடியுமா? எங்கே, எதோடு சேர்ந்து கிடந்தது என்று தெரிய வேண்டும். அதனால்தான் தொல்லியலாளர்கள் பொருளைவிட அது கிடந்த மண்ணடுக்கைப் பெரிதாக நினைக்கிறார்கள்.

ஈராக்கில் உள்ள ஷானிதார் குகையிலும் இதுதான் நடந்தது. ரால்ஃப் சொலெக்கி 1960-இல் அங்கே ஒரு நியண்டர்தால் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். அதைச் சுற்றியிருந்த மண்ணில் கொத்துக் கொத்தாக மகரந்தம் இருந்தது. இறந்தவரைப் பூப்படுக்கையில் கிடத்தினார்கள் என்று எழுதினார். எவ்வளவு மனதைத் தொடும் காட்சி! பிறகு வந்தவர்கள், அங்கே வளை தோண்டும் ஒரு வகை எலி பூக்களைச் சேர்த்து வைக்கும் என்றார்கள். இன்னும் சிலர், மண்ணில் கூடு கட்டும் தேனீக்கள் மகரந்தம் கொண்டு வந்திருக்கலாம் என்றார்கள். பூ இப்போது சந்தேகத்தில் இருக்கிறது. ஆனால் அண்மையில் மறுபடி தோண்டியபோது, அதே இடத்துக்கு அருகிலேயே இன்னொரு உடல் கிடைத்தது. ஒரே மூலையில் ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவர். என் கணக்கில் பூவைவிட இது கனமான சான்று, ஏனென்றால் எலியும் தேனீயும் இறந்தவர்களைக் கொண்டு வந்து ஒரே இடத்தில் சேர்க்காது.

கென்யாவின் பங்கா யா சாயிதி குகையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே ஒரு குழந்தை, இரண்டரை முதல் மூன்று வயது, 78,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டது. 2021-இல் அறிவித்தார்கள். சுவாகிலி மொழியில் குழந்தை என்று பொருள்படும் ‘ம்தோத்தோ’ என்றே பெயர் வைத்தார்கள். குழி தோண்டி, வலப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மார்போடு மடக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். துணியோ தோலோ எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் தோள் எலும்புகள் உள்ளே குறுகியிருந்த விதத்தைப் பார்த்து உடலை இறுக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும் என்றார்கள். தலையும் கழுத்தும் சாய்ந்திருந்த விதத்தில் அதன் அடியில் மக்கிப்போகும் ஏதோ ஒன்று, ஒரு தலையணை போல, இருந்திருக்க வேண்டும் என்றார்கள். தலையணை போய்விட்டது, அது இருந்த இடம் மிச்சம். தூங்குகிற பிள்ளைக்குத் தலைக்கு அணை கொடுக்கிற கை நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் ஹோமோ நலேதி என்ற, மூளை சிறியதாக இருந்த பழைய மனித இனம் இறந்தவர்களைப் புதைத்தது என்று 2023-இல் வந்த அறிவிப்பும் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அதைச் சக ஆய்வாளர்கள் பலர் கடுமையாக மறுத்தார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

அப்புறம் அவள் கேட்ட அடுத்த கேள்வி: “நம் மலையில் ஏன் இப்படி எதுவும் இல்லை?”

இதற்கு முதல் பதில் பாறையில் இருக்கிறது. மேலே சொன்னவற்றில் எலும்பும் வளையமும் தந்தவை பெரும்பாலும் சுண்ணாம்புக் குகைகள். தண்ணீர் பாறையைக் கரைத்து ஆழமாகக் குடைந்தவை. சுண்ணாம்பு எலும்பைக் காக்கும். பழனி மலையும் நீலகிரியும் சார்னோக்கைட் என்ற கடினப் பாறையால் ஆனவை. இங்கே குகை என்று நாம் சொல்வது பெரும்பாலும் பாறை ஒதுக்கு, அல்லது உருண்ட பாறைகளுக்கு நடுவே உள்ள சந்து. மழை அதிகம், மண் புளிப்பானது. எலும்பு நிற்காது. இங்கே யாரும் எதுவும் செய்யவில்லை என்று இதற்கு அர்த்தம் ஆகாது. செய்திருந்தாலும் நம் மண் சாட்சி சொல்லாது. தென்னிந்தியாவில் சுண்ணாம்புக் குகை வேண்டுமென்றால் ஆந்திராவின் கர்னூல் பக்கம் போக வேண்டும். பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1880-களில் தம் மகனோடு அங்கேதான் குகைகளைத் தோண்டினார்.

நம் மலைக்கு அருகில் கிடைத்த உறுதியான சடங்குச் சான்றுகள் மிகப் பிந்தியவை, அதுவும் கட்டப்பட்டவை. இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்திட்டைகளைச் சொல்கிறேன். நான்கு பக்கம் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். கொடைக்கானல் பக்கம் பேத்துப்பாறையில் இருப்பதை ஊரார் குள்ளர் குகை என்கிறார்கள். குகையில்லாத மலையில் மனிதர்கள் தாங்களே கட்டிக்கொண்ட குகை என்று எனக்குத் தோன்றும். செண்பகனூரில் இருந்த ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரு இயேசு சபைப் பாதிரியார்கள் பழனி மலைக் கல்திட்டைகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தார்கள். 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை அதை வெளியிட்டது. மலையடிவாரத்தில் பொருந்தல் என்ற ஊரில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஒரு கல்லறைக்குள் நான்கு கால் ஜாடி ஒன்றில் இரண்டு கிலோ அளவுக்கு நெல் இருந்தது. அதன் காலம் சுமார் கி.மு. 490. சேமித்து வைக்கிறவர் நெல்லைப் பிணத்தோடு புதைக்க மாட்டார். இது கொடுத்தனுப்பிய நெல். உடனே நமக்கு வாய்க்கரிசி ஞாபகம் வரும். வரட்டும், ஆனால் நடுவில் 2,500 வருடம் இருக்கிறது. ஒரே மாதிரி இருப்பதால் மட்டும் அதுவே இதுவாக வந்தது என்று எழுதக் கூடாது.

தொடர்ச்சி என்று தைரியமாகச் சொல்ல என்ன வேண்டும் என்பதை ஆஸ்திரேலியாவின் கிளாக்ஸ் குகை காட்டுகிறது. அது குனைகுர்னை என்ற பழங்குடி மக்களின் நிலம். அவர்களே ஆய்வாளர்களை அழைத்துச் சேர்ந்து தோண்டினார்கள். உள்ளங்கை அளவு சிறு அடுப்புகள் இரண்டு கிடைத்தன, ஒவ்வொன்றிலும் சீவிச் செதுக்கிய ஒரே ஒரு சவுக்குக் குச்சி. நம் சவுக்கு மரத்தின் இனம்தான். குச்சியில் கொழுப்புத் தடவியிருந்தது. ஒன்றின் வயது சுமார் 11,000 ஆண்டு, மற்றது 12,000. அந்தத் தீயில் சமைக்கவோ குளிர் காயவோ முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மக்களின் மருத்துவர்கள் செய்த ஒரு மந்திரச் சடங்கை ஆல்ஃபிரட் ஹோவிட் என்பவர் எழுதி வைத்திருந்தார்: கொழுப்புத் தடவிய குச்சியை நட்டு, கீழே சிறு தீ மூட்டி, குறித்த ஆளின் பெயரைச் சொல்லிப் பாட வேண்டும், குச்சி விழும்போது சடங்கு முடியும். குச்சி, கொழுப்பு, சிறு தீ, ஒதுக்கமான குகை எல்லாம் பொருந்தின. 2024-இல் அறிவித்தார்கள். அந்தக் குறிப்பும், இன்றும் அந்த மண்ணில் இருக்கும் மக்களும் இல்லாவிட்டால், அந்தக் குச்சிகள் கரிந்த விறகுத் துண்டு என்று பைக்குள் போயிருக்கும்.

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் பாறை ஓவியங்கள் உண்டு. அங்குள்ள குறும்பர் பழங்குடியினர் அதைத் தங்கள் முன்னோர் வரைந்ததாக மதிக்கிறார்கள். கரிக்கையூரில் உள்ள பெரிய ஓவியத் தொகுதியின் மேல் வந்து போனவர்கள் தங்கள் பெயரைக் கிறுக்கியிருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிப்பட்ட இடத்துக்குப் போனால் தண்ணீர் ஊற்றிப் படம் எடுக்காதீர்கள், சுண்ணக்கட்டியால் கோடு இழுக்காதீர்கள், தரையைக் கிளறாதீர்கள். புதிதாக எதையாவது பார்த்தால் இருந்தபடி விட்டுவிட்டு மாநிலத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். அந்தப் பாறையை இன்னும் கும்பிடுகிறவர்கள் இருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

கேட்பது எவ்வளவு முக்கியம் என்பது அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்தது. கிளம்பும் நேரம், பூசாரி தாத்தா அடுப்புக்கல் மூன்றையும் பிடுங்கினார். கரியையும் சாம்பலையும் ஒரு துளி விடாமல் கூட்டி, கூடையில் அள்ளி ஓடைப் பக்கம் போனார். நாற்பது வருடமாகப் போகிற எனக்கு இது தெரியாது, நாங்கள் எப்போதும் முன்னாலேயே இறங்கிவிடுவோம். அக்கா மகள் பின்னாலேயே ஓடி, “ஏன் தாத்தா, அங்கேயே இருந்தால் என்ன?” என்றாள். “கன்னிமார் முன்னால பழைய அடுப்பு இருக்கக் கூடாதும்மா. மாடு மேய்க்கிறவன் போட்ட கரி கிடந்தா கிடக்கட்டும், அது அவங்களுக்கு வச்சதில்ல” என்றார்.

அப்படியானால் ஐயாயிரம் வருடம் கழித்து அந்தப் பாறைக்கடியில் கிடைக்கும் கரியெல்லாம் மேய்ச்சல்காரர்களுடையது. நாங்கள் வைத்த பொங்கலின் தடம், ஏழு கல்லுக்கு முன்னால் கரியே இல்லாத ஒரு துண்டுத் தரை. அதன் சாம்பல் வேறெங்கோ ஓடைக்கரையில். அவள் நோட்டை எடுத்துப் பாறையையும் ஓடையையும் வரைந்தாள். நடுவில் எத்தனை அடி என்று காலால் அளந்து, இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டாள்.